டப்பாவுக்குள் வேறொரு கரண்டி

“மொத்தத்தையும் கொட்டு,” என்றார் மேடம்.

உதவியாளன் தகரம், மேஜைமேல் செய்தித்தாளை விரித்து டப்பாவைக் கவிழ்த்தான். சாக்லேட் வாசனையோடு பழுப்புப் பவுடர் மளமளவென்று சரிந்து, விளையாட்டுச் செய்திகளை மூடிக் குவிந்தது.

“ஓடி முடிச்ச அரை மணிக்குள்ள இதைக் குடிச்சா, தேஞ்சு போன தசையெல்லாம் திரும்ப வளருமாம். இழுத்த மூச்சுக்கே எனக்கு மூணு கிலோ ஏறியிருக்கும்.”

“நீதான் ஓடவே இல்லையே.”

“அதான் மேடம், நேரா வயித்துக்கே போயிடுச்சு.”

ஓட்டப் பயிற்சி தரும் கோச் சிரிக்கவில்லை. ஸ்டேடியத்தின் படிக்கட்டுகளுக்கு அடியில் இருந்த அந்தக் குறுகிய அறையில், அவர் ஜன்னலைப் பார்த்தபடி நின்றிருந்தார். வெளியே ஓடுபாதையில் ஆறேழு பெண்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் தேடுகிற பெண் அதில் இல்லை.

மேடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்தைந்து வருஷம் பொய்க் க்ளெய்ம்களைப் பிடித்தவர். ஓய்வு பெற்றதும் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். தகரம் அவருடைய ஒரே உதவியாளன். நாற்பதை நெருங்குகிறவனை ஊரே அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறது. வாயைத் திறந்தால் மூடாது, மூடினாலும் ஏதாவது ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும்.

இந்த வழக்கைக் கொண்டுவந்தது ஒரு தாய். அவருடைய மகள் பத்தாயிரம் மீட்டர் ஓட்டக்காரி. இருபத்து நாலு வயது. நாட்டுக்காக ஓட இன்னும் ஒரே ஒரு தேர்வு ஓட்டம்தான் பாக்கி என்ற நேரத்தில், அதற்கு முந்தின போட்டியில் எடுத்த சிறுநீர்ப் பரிசோதனையில் தடை செய்யப்பட்ட மருந்து இருப்பதாக முடிவு வந்தது. நாலு வருஷத் தடை. போன ஞாயிறு அந்தத் தாய் மேடத்தின் ஆபீஸ் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, “என் பொண்ணு அப்படிப்பட்டவ இல்லைங்க. எவன் கலந்தான்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க,” என்றார். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் தகரம் நோட்டில் எழுதி வைத்திருந்தான். அது அவனுடைய ஒரே நல்ல பழக்கம்.

“என்ன மருந்து கோச் சார் அது?” என்று கேட்டார் மேடம்.

“உடம்புல தேங்கற தண்ணியை இறக்கற மருந்து. அதை வச்சு ஓட முடியாது மேடம், நாக்குதான் தள்ளும். ஆனா வேற ஊக்க மருந்து சாப்பிட்டவங்க அதை மறைக்கறதுக்காக இதைப் போட்டுக்குவாங்க. அதனால இதுக்கும் தடை.” அவர் ஜன்னலை விட்டுத் திரும்பினார். “நான்தான் அவ வீட்லேர்ந்து இந்த டப்பாவை எடுத்துட்டு வந்து தனியார் லேப்ல குடுத்தேன். இதுல மருந்து இருக்கு. அதே கடைல வாங்கின, சீல் உடைக்காத டப்பாவுல இல்ல. அப்ப யாரோ கலந்திருக்காங்கன்னுதானே அர்த்தம்? மேல்முறையீட்டுக்கு எல்லாம் தயார் பண்ணேன். திடீர்னு ஒரு நாள் ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டா. ‘மேல்முறையீடு செய்ய விருப்பமில்லை.’ அவ்வளவுதான். ஏன்னு கேட்டா பேச மாட்டேங்கறா.”

“என்னிக்கு?”

“பன்னெண்டாம் தேதி. ரெண்டு மாசம் ஆச்சு.” அவர் குரல் தாழ்ந்தது. “ஒம்பது வருஷமா அவளைத் தெரியும். ஆனா அன்னிலேர்ந்து எனக்கே சந்தேகம் வந்துடுச்சு மேடம். தப்பு பண்ணாதவ ஏன் பின்வாங்கணும்? இப்படி நினைக்கறதுக்கு எனக்கே அசிங்கமா இருக்கு. ஆனாலும் நினைக்கறேன்.”

மேடம் லேப் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார். “டப்பாவுல மூணு இடத்துல எடுத்துப் பாத்திருக்காங்க. ஒரு இடத்துல மருந்து இருக்கு, ஒரு இடத்துல துளியூண்டு, இன்னொரு இடத்துல சுத்தமா இல்ல.”

“அதனால என்ன?” என்றார் கோச்.

“கெடுக்கணும்னு வர்றவன் நல்லா கலக்கி விட்டுட்டுப் போவான். இது கலக்கினதில்ல. ஒட்டிக்கிட்டு வந்தது.”

அவர் பென்சிலால் பவுடர் குவியலைக் கிளறினார். உள்ளிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கரண்டி தலையை நீட்டியது. கைப்பிடி விரல் நீளம், குழி மட்டும் கட்டைவிரல் நகத்தளவு.

தகரம் டப்பாவின் லேபிளைப் படித்தான். “ஒரு வேளைக்கு ரெண்டு கரண்டி. ஒரு கரண்டி முப்பது கிராம்.” கரண்டியைத் தூக்கிப் பார்த்தான். “இதுல ரெண்டு போட்டா கோழிக்குஞ்சுகூட வாசல் வரைக்கும்தான் ஓடும்.”

“சரியாச் சொன்ன,” என்றார் மேடம். “இது இந்த டப்பாவோட கரண்டி இல்ல. வேற ஏதோ டப்பாவுலேர்ந்து வந்தது. கோச் சார், இந்தக் கரண்டியை அந்தப் பொண்ணு பாத்திருக்காளா?”

“லேப்ல குடுக்கறதுக்கு முன்னாடி டப்பாவைத் திறந்து போட்டோ எடுத்தேன். அதை அவகிட்ட காட்டினேன், அவ போனுக்கும் அனுப்பினேன். உத்து உத்துப் பாத்தா. ஒண்ணும் சொல்லல.”

மேடம் கரண்டியைச் சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃபைலின் உள்பக்கம் கிளிப் செய்தார். அன்று புதன்கிழமை. புதிய ஆதாரம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கலாம் என்று ஊக்கமருந்துத் தடுப்புக் குழு எழுதியிருந்தது.

*

சத்துணவுக் கடையில் நுழைந்ததும் தகரம் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான். நாலு பக்கமும் ஆளுயர அலமாரிகள், அவற்றில் பானை அளவு டப்பாக்கள். ஓடுவதற்கு முன் சாப்பிடுவது, ஓடும்போது பிழிந்து உறிஞ்சுவது, ஓடிய பிறகு கலக்கிக் குடிப்பது. கல்லாவில் இருந்த கடைக்காரரின் புஜம் சட்டைக் கையைப் பிளந்துவிடும்போல் இருந்தது.

“அண்ணே, நடக்கறதுக்கு முன்னாடி சாப்பிடறது ஏதாவது இருக்கா?” என்றான் தகரம். “பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போதும்.”

கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். “உங்களுக்கு சாப்பிடாம இருக்கறதுக்குத்தான் ஏதாவது குடுக்கணும்.” பிறகு மேடத்தைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது. “நீங்க அந்தப் பொண்ணு விஷயமாத்தான வந்திருக்கீங்க? ரெண்டு தடவை அதிகாரிங்க வந்து எல்லா டப்பாவையும் அள்ளிட்டுப் போய் டெஸ்ட் பண்ணிட்டாங்க. ஒண்ணும் இல்லன்னு எழுதியே குடுத்துட்டாங்க. அதை யாரு படிக்கறா? ‘அந்தக் கடையா, அங்க வாங்காதே’ன்னு மட்டும் ஊரெல்லாம் பேசறாங்க.”

அவர் கைகாட்டிய சுவரில் ஓட்டக்காரர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. நடுவில் ஒரு பெண், மார்பில் முடிவுக்கோட்டு ரிப்பனோடு, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

“கழட்டலையா?” என்று கேட்டார் மேடம்.

“எல்லாரும் கழட்டச் சொல்றாங்க. பதினஞ்சு வயசுல அப்பாவோட வந்து, சின்ன டப்பா ஒண்ணைக் கையில வச்சுக்கிட்டு, அதுல எழுதியிருக்கற ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம் கேட்டுட்டுத்தான் வாங்கினா. அவளா தெரியாததைச் சாப்பிடுவா? என்னால கழட்ட முடியல மேடம்.”

மேடம் ஃபைலைத் திறந்து கரண்டியைக் காட்டினார். கடைக்காரர் உறையோடு வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். ஒரே நொடிதான்.

“இது விளையாட்டு ஐட்டமே இல்ல. எங்க கரண்டியெல்லாம் குண்டா, குட்டைக் கைப்பிடியோட இருக்கும். அள்ளிப் போட்டுட்டு மூடியைத் திருகி ஆட்டிடுவாங்க. இது பாருங்க, கைப்பிடி எவ்வளவு நீளம். டம்ளர்ல கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுக் கலக்கிக்கிட்டே இருக்கறதுக்கு. இது பேஷண்டுங்களுக்கான சாமான். பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ல மருந்துக் கடையில கேளுங்க.”

வெளியே வந்ததும் தகரம் கேட்டான். “இவளைக் கெடுக்க வந்த போட்டிக்காரி எதுக்கு மேடம் பேஷண்டு கரண்டியைத் தூக்கிட்டு வரப் போறா?”

“வர மாட்டா,” என்றார் மேடம். அதற்குப் பிறகு வண்டியில் ஏறும்வரை அவர் எதுவும் பேசவில்லை. அவர் பேசாமல் வருவது தகரத்துக்குப் பிடிக்காது. அப்போதெல்லாம் அவருக்கு விடை தெரிந்திருக்கும், அந்த விடை நல்லதாக இருக்காது.

*

மருந்துக் கடையில் மதிய நேரத்துக் கூட்டம் கலைந்திருந்தது. மருந்தாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உறையிலிருந்த கரண்டியைப் பார்த்தார்.

“இதையே எத்தனை பேர்தான் கேப்பீங்க?”

தகரத்தின் வாயில் ஒரு நகைச்சுவை தயாராக இருந்தது. அதை விழுங்கிவிட்டான்.

“வேற யாரு கேட்டாங்க?” என்றார் மேடம்.

“முதல்ல இது என்னன்னு சொல்லிடறேன்.” அவர் அலமாரியிலிருந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்துத் திறந்தார். அதே மஞ்சள் கரண்டி. “பக்கவாதம் வந்தவங்களுக்குத் தண்ணி குடிச்சாக்கூடப் புரையேறும். நுரையீரலுக்குள்ள போயிடும். அதனால எது குடுத்தாலும் இந்தப் பவுடரைப் போட்டுக் கூழ் மாதிரி ஆக்கித்தான் குடுக்கணும். மாத்திரையையும் முழுசா குடுக்க முடியாது, நசுக்கித்தான் குடுக்கணும். நிறைய வீட்ல இந்தக் கரண்டியாலயே நசுக்கிடுவாங்க. அடிப்பக்கம் தட்டையா இருக்குல்ல?”

“கேட்டது யாருன்னு சொல்லலையே.”

“ஒரு பொண்ணு. ஒல்லியா, உயரமா, தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தா. போன்ல இந்தக் கரண்டியோட போட்டோ வச்சிருந்தா. ‘தண்ணி இறக்கற மாத்திரையை இதால நசுக்கிட்டு, துணியால துடைச்சுட்டு, வேற பவுடர்ல போட்டா மருந்து ஒட்டுமா’ன்னு கேட்டா. ஒட்டும்மா, கண்ணுக்குத் தெரியாத அளவு போதும்னு சொன்னேன். அப்படியே அந்த ஸ்டூல்ல உக்காந்துட்டா. தண்ணி குடுத்தேன். கையில வச்சுக்கிட்டே இருந்தா, குடிக்கல. போறப்ப, ‘எங்கம்மா இங்க வந்தா நான் வந்ததைச் சொல்லிடாதீங்க’ன்னா.” அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி மேடத்தைப் பார்த்தார். “நீங்க அவ அம்மா இல்லையே?”

“இல்ல. என்னிக்கு வந்தான்னு ஞாபகம் இருக்கா?”

“அன்னிக்கு எங்களுக்கு ஸ்டாக் எடுக்கற நாள். ரெண்டு மாசம் முன்னாடி, பதினொண்ணாம் தேதி.”

மேல்முறையீட்டை அவள் கைவிட்டது பன்னிரண்டாம் தேதி.

மேடம் தகரத்தின் பக்கம் திரும்பினார். “நோட்டை எடு. முதல் நாள் அந்த அம்மா பவுடர் பத்தி என்ன சொன்னாங்க?”

தகரம் பக்கத்தைப் புரட்டினான். படிக்கும்போது அவன் குரல் பாதியில் இறங்கிவிட்டது. “‘ஓடிட்டு ஆறரைக்கு வருவா. பெரிய கரண்டியை அவ முகாமுல எங்கேயோ தொலைச்சுட்டா. அதனால சின்னக் கரண்டியால பத்துத் தடவை எண்ணிப் போட்டுக் கலக்கி வச்சிருப்பேன். ஒரு நாள்கூட ஒண்ணு குறைச்சதில்ல. அதே நேரத்துலதான் அவருக்கும் மாத்திரை குடுக்கணும். ரெண்டு பேரையும் ஒண்ணாப் பாத்துக்கிட்டேங்க.’”

நோட்டை மூடினான். “அவங்க வீட்டுக்காரருக்கு...”

“ஒன்றரை வருஷமா பக்கவாதம், கூடவே இதயத்துல கோளாறு. கால் ரெண்டும் வீங்கியிருக்கும்னு சொன்னாங்க. பொண்ணு அந்தப் போட்டி முடிஞ்சு வந்த பத்தாம் நாள் போயிட்டார்.” மேடம் கரண்டியை வாங்கி ஃபைலுக்குள் வைத்தார். “நமக்கு வேலை குடுத்தவங்களே அவங்கதான் தகரம். கண்டுபிடிச்சுக் குடுங்கன்னு கெஞ்சினதும் அவங்கதான்.”

*

தடை விதிக்கப்பட்டவள் ஸ்டேடியத்துக்குள் பயிற்சி செய்யக் கூடாது. அதனால் கிடங்குகளின் பின்பக்கச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் லாரிகள் குறைவு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, திரும்பவும் முதல் முனைக்கு. நேரம் பார்க்க ஆளில்லை, கூட ஓட ஆளில்லை.

மேடம் கையை உயர்த்தினார். அவள் வேகத்தைக் குறைத்து நடந்து வந்தாள். மேடம் ஃபைலைத் திறந்து உறையைக் காட்டியதும் அவள் நடை நின்றது.

“அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

“சொல்லாதீங்க மேடம்.” மூச்சு வாங்கியது. ஓட்டத்தால் மட்டும் அல்ல. “நாலு வருஷம்தான? போயிடும். அப்ப எனக்கு இருபத்தெட்டு. இருபத்தெட்டுல எத்தனையோ பேர் ஓடறாங்க.”

“நாலு வருஷமும் ‘மருந்து சாப்பிட்டவ’ன்னு பேர் இருக்கும்மா. உன் கோச்சே அப்படி நினைக்க ஆரம்பிச்சுட்டாரு.”

“தெரியும். என்னைப் பாத்தா கண்ணைத் திருப்பிக்கறாரு.” அவள் சாலையோரச் சுவரில் சாய்ந்துகொண்டாள். “அப்பா போனப்ப எத்தனை பேர் வந்தாங்க தெரியுமா மேடம்? எல்லாரும் அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரே விஷயத்தைத்தான் சொன்னாங்க. ‘உன்னை மாதிரி யாராலயும் பாத்திருக்க முடியாது.’ ஒன்றரை வருஷம் படுக்கைல கிடந்தவருக்கு உடம்புல ஒரு புண் கிடையாது. டாக்டரே ஆச்சரியப்பட்டாரு. அம்மா வேலையை விட்டாங்க, தூக்கத்தை விட்டாங்க, தங்கச்சி கல்யாணத்துக்குக்கூடப் போகல. இப்ப அவங்ககிட்ட மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். நல்லாப் பாத்துக்கிட்டோம்ங்கற நிம்மதி. அதையும் நான் பிடுங்கிக்கவா?”

தகரம் வேறு பக்கம் பார்த்தான்.

“கடையில தப்புன்னு சொல்லிடுங்க,” என்றாள் அவள்.

“கடைக்காரர் உன் படத்தை இன்னும் சுவத்துலேர்ந்து கழட்டல. அவர் தலையில போட முடியுமா?”

அவள் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். அழுதபோது சத்தமே வரவில்லை. வீட்டில் சத்தமில்லாமல் அழுது பழகியவள் என்பது தெரிந்தது.

“அப்ப... யாருன்னு தெரியலன்னு சொல்லிடுங்க. கண்டுபிடிக்க முடியலன்னு. ப்ளீஸ் மேடம்.” பிறகு தகரத்தைப் பார்த்தாள். “நீங்களாவது சொல்லுங்கண்ணா.”

இருபத்தைந்து வருஷத்தில் மேடம் எந்த அறிக்கையிலும் ‘தெரியவில்லை’ என்று எழுதியதில்லை. அது தகரத்துக்குத் தெரியும்.

“சரி,” என்றார் மேடம். “அப்படியே சொல்றேன்.”

*

வியாழக்கிழமை காலை அவர்கள் போனபோது வீட்டில் தாய் மட்டும்தான் இருந்தார். மகள் ஓடப் போயிருந்தாள். முன்னறையில் ஒரு கட்டிலின் அளவுக்கு இடம் காலியாகவே விடப்பட்டிருந்தது. அந்த இடத்தில் வேறு எதையும் வைக்க அவருக்கு மனம் வரவில்லை போலும். சமையலறை மேடையில் ஒரு டம்ளரில் சாக்லேட் நிறப் பானம் கலக்கி, தட்டுப் போட்டு மூடி வைத்திருந்தார்.

“உக்காருங்க மேடம், உக்காருங்க தம்பி. ஏதாவது தெரிஞ்சுதா?”

“எல்லாப் பக்கமும் பாத்துட்டோம்மா,” என்றார் மேடம். “யாருன்னு கண்டுபிடிக்க முடியல.”

தாய் கோபப்படவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“பரவால்ல. உங்களால ஆனதைச் செஞ்சீங்க. அந்தக் காகிதமெல்லாம் குடுத்துட்டுப் போங்க. நான் வேற யாரையாவது பாக்கறேன். நாளைக்குள்ள முடியலைன்னா அடுத்த வருஷம் மறுபடி கேப்பேன். விட மாட்டேன் மேடம். இவ நேத்து சாயங்காலம் வந்து பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு ஒரு மணி நேரம் குழாயைத் திறந்து விட்டிருந்தா. குளிக்கல. அது எனக்குத் தெரியாதா? பெத்தவளுக்குத் தெரியாதா?”

தகரம் ஃபைலை நீட்டினான். லேப் அறிக்கை, கோச்சின் கடிதம் எல்லாம் அதில்தான் இருந்தன. தாய் வாங்கித் திறந்தார். உள்பக்கத்தில் கிளிப்பில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் உறை அவர் கையில் வந்தது.

மேடம் எழுந்துவிட்டார். ஒரு நொடி தாமதம்.

“அட, இது எங்க வீட்டுக் கரண்டி!” என்றார் தாய். கணவர் போன இந்த நாலு மாதத்தில் முதல் முறையாக ஏதோ ஒன்று திரும்பக் கிடைத்த சந்தோஷம் அந்த முகத்தில் வந்தது. “வீடு பூராத் தேடினேன். அவர் சாமானெல்லாம் எடுத்து வச்சப்ப இது மட்டும் இல்ல. இதாலதான் அவருக்கு மாத்திரையை நசுக்கி...”

நின்றுவிட்டார்.

அவர் கண் கரண்டியிலிருந்து லேப் அறிக்கைக்குப் போனது. மருந்தின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. ஒன்றரை வருஷம் தினமும் அட்டையில் படித்த பெயராக இருக்க வேண்டும். குழுவின் கடிதம் வந்தபோது அதைப் படித்து அர்த்தம் சொன்னது மகள்தான். ஏதோ ஒரு மருந்து என்று சொல்லியிருப்பாள்.

“இது எங்க இருந்துச்சு மேடம்?”

மேடம் ஃபைலுக்காகக் கையை நீட்டினார்.

“அவ டப்பாவுலயா?”

“ஆமாங்கம்மா,” என்றான் தகரம்.

தாய் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். கரண்டியை மடியில் வைத்துக்கொண்டார். தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்யப் பார்த்தார்கள்.

“துணியால துடைப்பேனே,” என்றார் கடைசியில். “நல்லா அழுத்தித் துடைப்பேனே. கழுவினா ஈரமா இருக்கும், பவுடர் கட்டி தட்டிடும்னு... அவளுக்குக் கட்டி இருந்தாப் பிடிக்காதுன்னு...”

“உங்க மேல தப்பில்ல,” என்றார் மேடம். “இது தெரிஞ்சு நடந்ததில்ல. குழுவுக்கும் அப்படித்தான் சொல்லப் போறோம்.”

“அவளுக்குத் தெரியுமா?”

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு இருந்தது. மேடம் அதை எடுத்துக்கொள்ளவில்லை. “ரெண்டு மாசமா.”

தாய் சமையலறை மேடையைப் பார்த்தார். மூடி வைத்திருந்த டம்ளரைப் பார்த்தார்.

“ரெண்டு மாசமா நான்தானே மேடம் கலக்கிக் குடுக்கறேன். ஒரு நாள்கூட வேணாம்னு சொல்லலையே. நின்னுக்கிட்டே குடிப்பா. டம்ளரைக் கழுவிக் கவுத்துட்டுத்தான் போவா. தெரிஞ்சும்... எல்லாம் தெரிஞ்சும் என் கையாலயா குடிச்சா?”

தாய் எழுந்து போய் ஒரு பேனாவை எடுத்து வந்தார். “என்ன எழுதணும்னு சொல்லுங்க.”

“முழுசா விட்டுடுவாங்கன்னு என்னால உறுதி சொல்ல முடியாதும்மா. குறைப்பாங்க. இந்த வருஷத் தேர்வு ஓட்டத்துக்குள்ள கிடைக்குமாங்கறதும் தெரியல.”

“அவ மருந்து சாப்பிடலன்னு எழுத்துல வருமா?”

“வரும்.”

“அது போதும்.”

அவர் எழுதினார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பெரிய பெரிய எழுத்து. என் கணவருக்கு, நசுக்கிய மாத்திரை, அதே கரண்டி, பத்துத் தடவை, அப்போது என் மகளுக்குத் தெரியாது. ஒரு வரிகூட அடிக்கவில்லை. கையெழுத்துப் போடும்போது மட்டும் பேனா ஒரு முறை நின்று பிறகு நகர்ந்தது.

அந்தக் காகிதம் வெள்ளிக்கிழமை குழுவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. வேண்டுமென்று செய்த தவறில்லை என்று ஏற்றுக்கொண்டு, நாலு வருஷத்தைப் பத்து மாதமாகக் குறைத்திருந்தார்கள். தேர்வு ஓட்டம் அதற்கு முந்தின வாரமே முடிந்துவிட்டிருந்தது. அவள் இடத்தில் வேறொருத்தி போனாள். கோச் அவள் வீட்டு வாசலில் வந்து நின்று மன்னிப்புக் கேட்டார். கடைக்காரர் அந்தத் தீர்ப்பை நகலெடுத்துக் கல்லாவில் ஒட்டினார். அதெல்லாம் பிறகு நடந்தது.

வியாழக்கிழமை காலை, தாய் பேனாவை மூடுகிற நேரத்தில், மகள் வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். மேடத்தைப் பார்த்தாள். மேஜைமேல் காகிதத்தைப் பார்த்தாள். அதன்மேல் கிடந்த மஞ்சள் கரண்டியைப் பார்த்தாள்.

“அம்மா, வேணாம். கிழிச்சுடு. அம்மா...”

“போட்டாச்சு.”

“நான் சொன்னேனே மேடம்! உங்ககிட்ட அவ்வளவு தூரம் சொன்னேனே!”

“அவங்க சொல்லல. நானாத்தான் பாத்தேன்.” தாய் எழுந்து அவள் எதிரில் போய் நின்றார். மகள் அவரைவிட ஒரு தலை உயரம். அவளை நிமிர்ந்து பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது. “உங்கப்பாவை நான் நல்லாத்தான் பாத்துக்கிட்டேன். அது பொய்யில்ல. உன் ஓட்டம் என் கையாலதான் கெட்டுப்போச்சு. அதுவும் பொய்யில்ல. ரெண்டையும் நான் தாங்கிக்கறேன். உடைஞ்சுடுவேன்னு நீ எதுக்குடி நினைச்ச? எனக்காக நீ திருடிப் பட்டம் சுமக்கணுமா?”

மகள் அப்படியே சுவரோரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். இந்த முறை அவளுக்குச் சத்தம் வந்தது. அடக்கி அடக்கி வைத்திருந்த அத்தனையும் குழந்தையின் அழுகைபோலக் கூரை வரைக்கும் போனது.

தாயும் அவள் முன்னால் மண்டியிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் கைகள் ஒரு கணம் அந்தரத்தில் நின்றன. பிறகு அவள் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு ஷூவின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். வியர்வையில் நனைந்த முடிச்சு இறுகிக் கிடந்தது. அவிழவில்லை. விடாமல் அவிழ்த்துக்கொண்டிருந்தார். மகள் காலை எடுத்துக்கொள்ளவில்லை.

மேடம் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். தகரம் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.